முட்டை பிரெட் கேசரோல் (ஓவனில் சுடும் முட்டை, பால், பிரெட் கலவை) நடுவில் வேகவில்லை, என்ன செய்வது?

கேள்வி: 9×13 அங்குலத் தட்டில் 8 முட்டை, 4 கப் பால், புது பிரெட், காளான், செடார் சீஸ். ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் வைத்தும் நடுவில் கொழகொழ. ஞாயிறு காலை எட்டுப் பேருக்குச் செய்யணும்.

பதில் 1: பால் அதிகம். 8 முட்டைக்கு இரண்டரை கப் போதும். முந்தின நாள் பிரெட்தான் சரி. புதுசு என்றால் துண்டு போட்டு 150 டிகிரியில் 10 நிமிடம் காயவையுங்க. ஈர பிரெட் கூழாகிடும்.

பதில் 2: காளானைப் பச்சையாகப் போட்டீங்களா? தண்ணீர் அதிலிருந்தும் வரும். வாணலியில் நீர் வற்றி, ஓரம் சிவக்கும்வரை வதக்குங்க.

பதில் 3: இரவே கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தால், காலையில் அரைமணி நேரம் வெளியே வையுங்க. சில்லென்ற கண்ணாடித் தட்டு சூடான ஓவனில் விரிசல் விடலாம். முதல் 30 நிமிடம் ஃபாயில் மூடி, பிறகு திறந்து 20 நிமிடம். நடுவில் வெப்பநிலை 71 டிகிரி வரணும்.