பிள்ளைகள் கிளினிக் சுவரில் ஒட்டும் காய்ச்சல் தாள்: பிழை பார்த்துச் சொல்லுங்கள்

கிளினிக்_கவுண்டர்:

வணக்கம். உப்புவெளிப் பக்கம் பின்னேரத்தில் திறக்கும் பிள்ளைகள் கிளினிக் ஒன்றுக்குச் சுவரில் ஒட்ட ஒரு தாள் தயாராகிறது. ஏ4, ஒரே பக்கம். ஆக்கள் அதை போனில் படம் பிடித்துக்கொண்டு போய் வீட்டில் பார்த்து நடக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். நிலாவெளி, கிண்ணியா, தம்பலகாமம் எல்லாப் பக்கத்தாலும் வருகிறார்கள். இரவு 9 மணிக்குக் கதவு பூட்டினபிறகு அவர்களிடம் இருக்கப்போவது இந்தத் தாள் மட்டும்தான்.

இப்போதைக்கு எழுதியிருப்பது:

1. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் சிரப்: 1 வயதுக்குக் கீழே அரைத் தேக்கரண்டி, 1 முதல் 5 வயது வரை ஒரு தேக்கரண்டி. 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை.
2. வயிற்றோட்டம் என்றால் ஒரு கிளாஸ் தண்ணீரில் கொஞ்சம் ஜீவனி (ஓ.ஆர்.எஸ். எனும் உப்புச் சீனித் தூள்) கலந்து கொடுக்கவும்.
3. காய்ச்சல் 3 நாளுக்கு மேல் நின்றால் டெங்கு டெஸ்ட். காய்ச்சல் விட்டுவிட்டால் பயமில்லை.
4. வலிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரி.
5. வரும்போது கிளினிக் புத்தகம் கொண்டுவரவும்.

டொக்டர் பார்த்துத்தான் கடைசியில் ஒட்டுவோம். அதற்கு முன் விஷயம் தெரிந்தவர்கள் தயங்காமல் வெட்டிக் கொத்துங்கள்.

வாட்டு_மிஸ்ஸி:

முதல் வரியிலேயே வயசை வெட்டிவிட்டு நிறையைப் போடுங்கள். பிள்ளைக்குப் பரசிட்டமோல் ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 24 மணித்தியாலத்தில் 4 தடவைக்கு மேல் இல்லை, மொத்தம் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சாதாரண சிரப்புக்கு, கூடிய அளவான 15-ஐ வைத்துக் கணக்குப் பார்த்தால்:

6 கிலோ – மூன்றே முக்கால் மில்லி
8 கிலோ – 5 மில்லி
10 கிலோ – ஆறேகால் மில்லி
12 கிலோ – ஏழரை மில்லி
16 கிலோ – 10 மில்லி

இப்போது உங்கள் வரியைப் பாருங்கள். 8 கிலோ ஒரு வயசுப் பிள்ளைக்கும் 16 கிலோ ஐந்து வயசுப் பிள்ளைக்கும் ஒரே தேக்கரண்டி. பெரிய பிள்ளைக்குப் போவது பாதி மருந்து. காய்ச்சல் இறங்காது. தாய் பயந்துபோய் 3 மணித்தியாலத்தில் இன்னொன்று கொடுப்பா. அதுவும் இறங்காவிட்டால் பக்கத்து வீட்டில் இருக்கிற வேறு மருந்தைத் தேடுவா. அந்த வேறு மருந்துதான் ஆபத்து, டெங்கு தெரிந்தவர்கள் அதைச் சொல்லுவார்கள்.

தேக்கரண்டி என்ற சொல்லே தாளில் வேண்டாம். குசினிக் கரண்டியில் ஒன்று 3 மில்லி பிடிக்கும், இன்னொன்று 7 பிடிக்கும். பார்மசியில் ஊசி இல்லாத சிரிஞ்ச் கேட்டு வாங்கினால் கால் மில்லி வரை அளக்கலாம். நாக்கின் நடுவில் பீய்ச்சினால் துப்பிவிடும். கன்னத்தின் உட்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

குண்டி மருந்தும் பரசிட்டமோல்தான் என்று ஒரு வரி கட்டாயம் போடுங்கள். வாயால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கிறார்கள், அது இரட்டை அளவு. தடிமன் சிரப் சிலதிலும் பரசிட்டமோல் கலந்திருக்கும்.

மருந்து கொடுத்து ஒரு மணித்தியாலத்தில் ஒரு பாகை, ஒன்றரைப் பாகை இறங்கினாலே போதும். முற்றாக விட வேண்டும் என்று இல்லை. பிள்ளை விளையாடுதா, குடிக்குதா என்று பாருங்கள். உடம்பு துடைப்பதென்றால் குழாய்த் தண்ணீர். ஐஸ் தண்ணீரால் துடைத்தால் பிள்ளை நடுங்கும், நடுங்கினால் உள்ளே சூடு இன்னும் ஏறும்.

3 மாதத்துக்குக் கீழே இந்த அட்டவணையே பொருந்தாது. கக்கத்தில் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட் காட்டினால் நேரே ஆஸ்பத்திரி. வீட்டில் மருந்து கொடுத்து இறக்கிப் பார்க்கிற கதையே இல்லை.

மருந்துக்கடைத்_தம்பி:

மிஸ்ஸி சொன்ன மில்லிக் கணக்கு 120 சிரப்புக்கு மட்டும்தான். இதைத் தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது. கைக்குழந்தைச் சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சொட்டு மருந்துப் போத்தலைச் சிரப் என்று நினைத்து 5 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம், பெரிய ஆளின் ஒரு முழுக் குளிசை. 8 கிலோப் பிள்ளைக்கு அது 4 தடவை மருந்து ஒரே வாயில். லேபலில் "5 மில்லியில் எத்தனை" என்ற இடத்தை விரல் வைத்து வாசித்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தூளாக வரும் அன்டிபயோட்டிக் போத்தலை வீட்டில் கரைக்கும்போது அரைவாசிப் பேர் பிழை விடுகிறார்கள். முதலில் தூளைத் தட்டி உதிர்க்க வேண்டும். கொதித்து ஆறின தண்ணீரைப் போத்தலில் இருக்கும் கோட்டுக்குக் கீழே வரை விட்டு, மூடிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கினபிறகு பார்த்தால் மட்டம் கீழே இறங்கியிருக்கும், அப்போதுதான் கோடு வரை நிரப்ப வேண்டும். நுரையைக் கோடு என்று நினைத்து நிறுத்தினால் மருந்து தடிப்பாகிவிடும். சுடுதண்ணீர் விட்டால் மருந்தே பழுது. ஒவ்வொரு தடவையும் குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள் தண்ணியும் கடைசி நாள் கூழும்தான் கிடைக்கும். கரைத்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள். மருந்தைப் பொறுத்து 7 நாளோ 14 நாளோ, லேபலில் இருக்கும். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கென்று பிரிட்ஜில் வைக்க வேண்டாம்.

ஓ.ஆர்.எஸ்_மூலை:

இரண்டாவது வரியில் "கொஞ்சம்" என்ற சொல்தான் வில்லங்கம். ஜீவனிப் பக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கும். பெரிய பக்கெட் என்றால் 1 லீட்டர். முழுப் பக்கெட்டும் முழு லீட்டருக்குள் போக வேண்டும். பாதிப் பக்கெட்டை அரை லீட்டரில் போடலாமே என்று கேட்பார்கள். உள்ளே இருப்பது உப்பும் குளுக்கோசும் பொட்டாசியமும் கலந்த தூள், ஈரம் பட்டால் ஒரு பக்கமாய்க் கட்டிபடும், பாதியாய்க் கொட்டினால் பாதி வராது. அரை லீட்டர்ப் போத்தலில் முழுப் பக்கெட்டைப் போட்டால் உப்பு இரட்டிப்பாகிப் பிள்ளைக்குத் தாகமும் வரட்சியும் கூடும், இரத்தத்தில் உப்பு ஏறினால் வலிப்பே வரலாம். ஒன்றரை லீட்டர்ப் போத்தலில் போட்டால் பலன் குறைவு. கடையில் விற்கும் 1 லீட்டர்த் தண்ணீர்ப் போத்தல்தான் நல்ல அளவுகோல்.

கொதித்து ஆறின தண்ணீர். கரைத்தபிறகு திரும்பக் காய்ச்ச வேண்டாம், சீனி போட வேண்டாம். 24 மணித்தியாலத்தில் மிச்சத்தை ஊற்றிவிட்டுப் புதிதாய்க் கரையுங்கள்.

அளவு: 2 வயதுக்குக் கீழே, தண்ணியாய்ப் போகும் ஒவ்வொரு தடவைக்கும் 50 முதல் 100 மில்லி. 2 வயதுக்கு மேல் 100 முதல் 200. சத்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகத் தொடங்க வேண்டும். இங்கே மட்டும் குசினிக் கரண்டி பரவாயில்லை! தாகத்தில் பிள்ளை இழுத்துக் குடிக்குதே என்று கப்போடு கொடுத்தால் அடுத்த நிமிடமே எல்லாம் நிலத்தில். "ஜீவனி கொடுத்தால் சத்தி எடுக்குது" என்ற முறைப்பாட்டில் முக்கால்வாசி இந்த அவசரம்தான்.

தாய்ப்பால் நிறுத்தக் கூடாது. சோறு, கஞ்சி, வாழைப்பழம் வழமைபோல. சோடா, பிளேன்டீ, பக்கெட் ஜூஸ் ஜீவனிக்கு ஈடாகாது, இனிப்புக் கூடினால் வயிறு இன்னும் போகும். சிங்க் 10 முதல் 14 நாள்: 6 மாதத்துக்குக் கீழே நாளுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20. இரண்டாம் நாள் வயிற்றோட்டம் நின்றவுடன் சிங்க்கையும் நிறுத்திவிடுகிறார்கள். மிச்ச நாளும் கொடுப்பது அடுத்த தடவை வராமல் இருக்கத்தான். பெரியாக்களின் வயிற்றோட்டக் குளிசை பிள்ளைக்குத் தொடவே கூடாது. மலத்தில் இரத்தம், கண் குழி விழுதல், 6 மணித்தியாலமாய்ச் சலம் போகாமை, குடிக்க ஏலாமல் சோர்ந்து கிடத்தல் என்றால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

கிளினிக்_கவுண்டர்:

முதல் இரண்டு வரியும் முற்றாக மாறிவிட்டது, சந்தோஷம். மூன்றாவதை ஒருவரும் தொடவில்லையே? பப்பாசி இலைச்சாறு பற்றி நாளுக்குப் பத்துப் பேர் கேட்கிறார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாடைக்காற்று:

மூன்றாவது வரியில் இருக்கிற இரண்டு வசனமும் பிழை. இரண்டாவது உயிர் குடிக்கும் பிழை.

டெங்குவில் ஆபத்துத் தொடங்குவதே காய்ச்சல் விடும் நேரத்தில்தான். மூன்றாம் நாளுக்குப் பிறகு, பெரும்பாலும் சூடு இறங்கும்போது, இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணித்தியாலம் அது நடக்கும். பிள்ளை குளிர்ந்துபோய்ச் "சுகமாகி"ப் படுத்திருக்கும். கையும் காலும் குளிராக இருந்தால் அது சுகமில்லை. தாளில் இப்படிப் போடுங்கள்: காய்ச்சல் விட்ட பிள்ளை எழும்பி விளையாடாமல், சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால் உடனே ஆஸ்பத்திரி. வயிற்றுக்குத்து, விடாத சத்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பு மலம், 6 மணித்தியாலமாய்ச் சலம் இல்லை, இவையும் அதே பட்டியல்.

இரத்தப் பரிசோதனைக்கு 3 நாள் கடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மூன்றாம் நாளே எஃப்.பி.சி. (இரத்தக் கல எண்ணிக்கைப் பரிசோதனை) எடுக்க வேண்டும். ஒரு வயசுக்குக் கீழே என்றால், பிள்ளை வாடியிருந்தால், அதற்கும் முந்தி. நாளை எண்ணுவதிலும் குழப்பம் இருக்கிறது. செவ்வாய் இரவு 9 மணிக்குச் சூடு தொடங்கினால் முதல் நாள் முடிவது புதன் இரவு 9 மணிக்கு. ஆகவே தாய்மாரிடம் "எத்தனை நாள்" என்று கேளாமல் "எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு" என்று கேளுங்கள். டெங்குக் கிருமியைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை முதல் மூன்று நாளில்தான் நன்றாகப் பிடிக்கும். நெகட்டிவ் வந்தாலும் டெங்கு இல்லை என்று தீர்மானிக்க ஏலாது. எஃப்.பி.சி.யில் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் கலம்) நாளுக்கு நாள் இறங்குதா என்பதுதான் கணக்கு. 1 லட்சத்துக்குக் கீழே போனால் வாட்டில் இருக்க வேண்டிய பிள்ளை.

மிஸ்ஸி சொன்ன "வேறு மருந்து" இதுதான்: இபுப்ரொபென், மெபனமிக் அசிட், டைக்ளோபெனக், அஸ்பிரின். காய்ச்சலை மளமளவென்று இறக்கும், டெங்கு என்றால் இரத்தக் கசிவைக் கூட்டும். டைக்ளோபெனக் குண்டி மருந்தாகவும் வருவதால் பெயர் பார்க்காமல் வைக்கக் கூடாது.

குடிக்க: கஞ்சி, இளநீர், பால், ஜீவனி. பச்சைத் தண்ணீர் மட்டும் கொடுத்தால் உப்புக் குறையும். பீற்றூட், வத்தகப்பழம், சிவப்புச் சர்பத், சொக்லேட் பால் அந்தக் கிழமை வேண்டாம். சத்தியோ மலமோ சிவப்பாக, கறுப்பாக வந்தால் இரத்தமா சாப்பாடா என்று எவராலும் சொல்ல ஏலாது.

பப்பாசி இலைச்சாறு: கசப்பில் பிள்ளை சத்தி எடுக்கும், குடித்த கஞ்சியும் சேர்ந்து வெளியே வரும். கசிவை அது நிறுத்துவதில்லை. பெரிய நட்டம், அதைக் கொடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் அடுத்த எஃப்.பி.சி.யைத் தவறவிடுவது.

நுளம்புக்கும் ஒரு வரி. முட்டை தண்ணீருக்கு மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. கச்சான் காற்றுக் காலம் முழுக்கக் காய்ந்து கிடந்த வாளியில் முதல் மழை விழுந்தவுடன் பொரிக்கும். தண்ணீரைக் கவிழ்த்தால் போதாது, கிழமைக்கு ஒருமுறை உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிரிட்ஜின் பின்தட்டை ஒருவரும் பார்ப்பதில்லை.

மூதூர்_ரோட்:

நாலாவது வரி: ஆஸ்பத்திரிக்கு ஓடுமுன் செய்வதையும் எழுதுங்கள். பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைப்பது, வாய்க்குள் கரண்டி, விரல், தண்ணீர், மருந்து எதுவும் போடாமல் இருப்பது, மணிக்கூடு பார்ப்பது. கையில் இரும்புச் சாவி திணிப்பதால் கை கீறுவதைத் தவிர ஒன்றும் நடக்காது. 5 நிமிடத்துக்கு மேல் போனால் 1990-க்கு அழைக்கலாம், சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. குறைய நேரத்தில் நின்றாலும் முதல் தடவை என்றால் காட்டத்தான் வேண்டும்.

மூச்சை விட்டுவிட்டீர்கள். சட்டையைத் தூக்கி, பிள்ளை அழாத நேரத்தில், முழுசாய் ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் கைக்குழந்தையில் பிழைக்கும், அவர்கள் மூச்சு ஒரே சீராய் ஓடாது. 2 மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணை எட்டினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ அது வெறும் தடிமன் இல்லை.

"ஆஸ்பத்திரி" என்று மட்டும் எழுதினால் எல்லாரும் டவுனுக்குத்தான் வெளிக்கிடுவார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் கந்தளாயிலும் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. கைகால் குளிர்ந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூதூரிலிருந்து கிண்ணியாப் பாலம் தாண்டித் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவதைவிட, கிட்டத்தில் சேலைன் ஏற்றி அம்புலன்ஸில் அனுப்புவது மேல்.

வாட்டு_மிஸ்ஸி:

ஐந்தாவது வரிக்கு ஒன்று. கிளினிக் புத்தகத்தில் ஊசி விபரம் மட்டுமில்லை, நிறைக் கோடும் இருக்கிறது. மிட்வைப் போட்ட புள்ளிகளுக்கு அடுத்ததாய் உங்கள் தராசின் புள்ளியையும் வையுங்கள், நப்கின் கழற்றி, முள் பூச்சியத்தில் நிற்குதா என்று பார்த்து. இரண்டு மாதம் கோடு படுத்துக் கிடந்தால் காய்ச்சல் விட்டபிறகு அதைப் பற்றித் தனியாய்க் கதைக்க வேண்டும்.

தாளைப் பளபளப்பாய் லெமினேட் செய்ய வேண்டாம், டியூப் லைட் பட்டுப் போன் படத்தில் எழுத்துத் தெரியாது. இதையே சின்னத் துண்டாகவும் அடித்து, "நிறை, திகதி, எத்தனை மில்லி" என்று மூன்று வெற்றுக் கட்டம் விடுங்கள். கவுண்டரில் நிறை பார்த்தவுடன் பேனையால் நிரப்பிக் கையில் கொடுக்கலாம். திகதி கட்டாயம். 6 மாதத்தில் எழுதிய அளவை ஒன்றரை வயதிலும் பார்த்துக் கொடுப்பார்கள்.