அப்பா கண்ணால் பார்த்தது எது, போட்டோவில் பார்த்தது எது? (ஸ்ரீபெரும்புதூர், 1991)

கேள்வி – மைக்செட் வீட்டுப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1991-ல் அப்பாவுக்கு 23 வயது. ஒரு மைக்செட்காரரிடம் கூலிக்கு இருந்தார். ஆரன் கட்டுவது, ஒயர் இழுப்பது, ட்யூப்லைட் மாட்டுவது. மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் அவருக்கும் வேலை. மரகதம் சந்திரசேகருக்கு ஓட்டுக் கேட்க ராஜீவ் காந்தி வந்த கூட்டம்தான். குண்டு வெடித்ததிலிருந்து அப்பாவுக்கு இடது காது சரியில்லை. டிவியை எங்களுக்குத் தலைவலி வருகிற அளவுக்கு வைப்பார்.

முப்பது வருஷமாக அதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. மே மாதம் வந்தால் கோபம் அதிகமாகும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். 2022-ல் அந்த வழக்கில் தண்டனை பெற்றவர்களில் முதலில் பேரறிவாளன், அப்புறம் நவம்பரில் மற்ற ஆறு பேர் விடுதலையானபோது டிவியில் அந்தப் பழைய படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள் அல்லவா? அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். அதிலிருந்து நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வருகிறேன்.

பிரச்சினை இதுதான். "அந்தப் பொண்ணு பச்சையும் ஆரஞ்சுமா சுடிதார், கையில சந்தன மாலை. பக்கத்துல கவிதை படிக்க வந்த சின்னப் பொண்ணு. ஓரத்துல குர்தா போட்டவன். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்கிறார். அந்தப் பொண்ணு என்றால் குண்டு கட்டி வந்த தனு. இது அப்படியே, கூட்டத்தைப் படம் எடுக்க வந்த ஹரிபாபு எடுத்த போட்டோ. போட்டோவில் நிற்கிற அதே வரிசையில் சொல்கிறார். ஆனால் தனக்கு வேலை மேடைக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபயர் பக்கம் என்று அவரே இன்னொரு நாள் சொன்னார். அங்கிருந்து அந்தப் பெண் எப்படித் தெரிந்திருப்பாள்?

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. நோட்டில் நான் எதை எழுதுவது? அவரிடமே கேட்டுவிடலாமா?

பதில் 1 – தெற்குத் தெரு

கேட்காதீர்கள். காது போய், தூக்கம் போய், மிச்சம் இருப்பது அந்தக் கதை ஒன்றுதான். அதையும் பிடுங்க வேண்டுமா? சொல்கிறபடி எழுதிவிட்டுப் போங்கள்.

பதில் 2 – பழைய வேட்டி

அம்மா, நானும் அன்றைக்கு அங்கே இருந்தவன். எனக்கு 17 வயது. அரசியலுக்காகப் போகவில்லை. சங்கர்-கணேஷ் கச்சேரி இருக்கிறது என்றார்கள், அதற்காகப் போனேன்.

பதினைந்து வருஷம் நானும் உங்கள் அப்பா சொல்கிற கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சுடிதார், மாலை, குர்தா எல்லாம். ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது மறுபடி ஆரம்பித்தேன். என் அண்ணன் எல்லோர் முன்னாலும், "டேய், வெடிச்சப்ப நீ ரோட்டோரம் கடலை வாங்கிட்டு நின்னே, நான்தான் உன்னத் தேடி ஓடி வந்தேன்" என்றான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அப்புறம் யோசித்தால் அவன் சொன்னதுதான் சரி. கையில் கடலைப் பொட்டலம் இருந்தது. ஓடும்போதும் அதை விடாமல் பிடித்திருந்தேன். வீட்டுக்கு வந்துதான் கீழே போட்டேன்.

என்ன நடந்திருக்கும் என்றால், அந்தப் போட்டோ சில நாளிலேயே பேப்பரில் வந்துவிட்டது. அப்புறம் அந்தக் குர்தா போட்டவன், ஒற்றைக்கண் சிவராசன் படம் ஊர் ஊராகச் சுவரில் ஒட்டியிருந்தது. ஆகஸ்டில் பெங்களூர் பக்கம் கோணனகுண்டேயில் அவன் செத்துக் கிடக்கும் வரை தினமும் அந்த முகத்தில்தான் விழிப்போம். ராத்திரி நான் பார்த்தது ஒரு நொடி வெளிச்சம், அப்புறம் புகை, அப்புறம் ஓட்டம். அந்தக் காலி இடத்தில் போட்டோ போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு மட்டும் இல்லை. ராஜீவின் வெள்ளை ஷூவை முதலில் பார்த்தது நான்தான் என்று எங்கள் பக்கம் பத்துப் பேராவது சொல்வார்கள். காங்கிரஸ் தலைவர்கள் மூப்பனாரும் ஜெயந்தி நடராஜனும் அருகே போய்ப் பார்த்த செய்தியைப் பேப்பரில் படித்தவர்கள்தான் எல்லோரும்.

அதனால் "நீங்கள் பார்க்கவில்லை" என்று அப்பாவிடம் சொல்லாதீர்கள். போட்டோவில் இல்லாதது என்ன என்று கேளுங்கள். எனக்குப் போட்டோவில் இல்லாதது செருப்புகள். மைதானம் முழுக்க ஒற்றைச் செருப்பு. எந்தப் பேப்பரும் எனக்கு அதைக் காட்டவில்லை, அதனால் அது என்னுடையது.

பதில் 3 – கோர்ட்டு வாசல்

வழக்கு சம்பந்தமாகச் சில விவரம். ஹரிபாபு அந்த வெடிப்பிலேயே இறந்துவிட்டார். ஆனால் கேமரா உடையவில்லை. பிலிமில் பத்துப் படங்கள், கடைசிப் படம் வெடித்த நொடி. டி.ஆர். கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு அதை வைத்துத்தான் நூல் பிடித்துப் போனது. அந்தக் கேமரா கிடைக்காமல் போயிருந்தால், ஆயிரம் பேர் கூடியிருந்தும் வழக்கு எங்கே நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது.

பூந்தமல்லி தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றத்தில் அரசுத் தரப்பில் 288 சாட்சிகளை விசாரித்தார்கள். 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டும் அதை உறுதி செய்தது, மூன்று பேருக்கு ஆயுள், 19 பேர் விடுதலை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கூண்டில் ஏறிய சாட்சியின் வார்த்தையைக் குறுக்கு விசாரணையில் வக்கீல் இழுத்துப் பார்ப்பார். எங்கே நின்றாய், எவ்வளவு தூரம், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்பார். கோர்ட்டுக்கே போகாத உங்கள் அப்பா போன்றவர்களை அப்படி யாரும் கேட்டதில்லை. நீங்களும் வக்கீல் மாதிரிக் கேட்காதீர்கள். பழைய வேட்டி ஐயா சொன்னதுதான் நல்ல வழி. நோட்டில் ஒவ்வொரு பேச்சுக்கும் தேதி மட்டும் போடுங்கள். இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

பதில் 1 – தெற்குத் தெரு

சரி, என் பதிலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கடலைப் பொட்டலம் மனசை என்னவோ செய்துவிட்டது.

கேட்டவர் – மைக்செட் வீட்டுப் பெண்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன், வலது காதுப் பக்கமாக உட்கார்ந்து. "அப்பா, பேப்பர்ல, டிவியில வராதது ஏதாச்சும் இருக்கா?"

ரொம்ப நேரம் பேசவில்லை. பாத்திரம் கழுவ எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது ஆரம்பித்தார். வெடித்த பிறகும் ஆம்ப்ளிஃபயர் அணையவில்லையாம். மேடையில் மைக் கீழே விழுந்து கிடந்திருக்கிறது. அதில் விழுந்த அலறலும் ஓட்டமும் தூரத்து ஆரன்களில் எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். "அடுத்த தெருவுல இருக்கறவனுக்கும் கேக்குதேன்னு தவழ்ந்து போயி ஆஃப் பண்ணினேன்" என்றார். அதற்கப்புறம்தான் தன் காதிலிருந்து ரத்தம் வருவது தெரிந்திருக்கிறது.

விடிந்ததும் ஊரெல்லாம் திமுக கொடிக்கம்பங்களை வெட்டிக்கொண்டிருந்தார்களாம், பஸ் இல்லை. நடந்தே மைதானத்துக்குப் போயிருக்கிறார், சாமான் எடுக்க. போலீஸ் கிட்டே விடவில்லை. பிறகும் அந்தச் சாமான் திரும்ப வரவே இல்லை. முதலாளி அதைக் கூலியில் பிடித்துக்கொண்டார். எட்டு மாதம். காதுக்கு டாக்டரிடம் போகாததற்குக் காரணம் அதுதான் என்று எனக்கு நேற்றுத்தான் தெரியும். அம்மாவுக்கும் நேற்றுத்தான் தெரியும்.

அந்தப் பெண்ணைப் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் எழுதுவதைப் பார்த்து, "இதெல்லாமா எழுதுவ?" என்றார். ஆமாம்ப்பா என்றேன். அப்படியென்றால் சரியாக எழுது என்று விரல் மடக்கிச் சொன்னார்: மூணு ஆரன், ஒரு மைக் ஸ்டாண்டு, நூறு அடி ஒயர்.