பிரஷர் மாத்திரை மாத்துனதும் பல்ஸ் 54க்கு இறங்கிடுச்சு, பயப்படணுமா?

கோவைவாசி:
அம்மாவுக்கு 63 வயசு, பிரஷர் சுகர் ரெண்டும் இருக்கு. ரெண்டு வருஷமா ஆம்லோடிபின் 5 போட்டுட்டு இருந்தாங்க, கணுக்கால் வீங்குதுன்னு சொன்னதும் டாக்டர் அதை நிறுத்திட்டு மெட்டோப்ரோலால் 50 எழுதிக் குடுத்தார். பிரஷர் 130/80, குறை சொல்ல முடியாது, ஆனா முன்னாடி 84, 86னு காட்டுன பல்ஸ் இப்ப காலையில 54 காட்டுது. ரெண்டுமே பிரஷர் மாத்திரைதானே, இது மட்டும் ஏன் இதயத்தை ஸ்லோ பண்ணுது? அம்மா வேற "நெஞ்சு அடிக்கிறதே தெரியலடா"ன்னு பயமுறுத்துறாங்க.

மருந்துக்கடை:
ரெண்டும் போற ரூட்டே வேறங்க. ஆம்லோடிபின் ரத்தக்குழாயை தளர்த்தி விடும், அவ்ளோதான். சட்டுனு பிரஷர் இறங்குனா கழுத்து ரத்தக்குழாய்ல இருக்குற உணர்வு நரம்பு மூளைக்கு தகவல் குடுத்து, அங்கருந்து நரம்பு வழியா உத்தரவு வந்து, நரம்பு நுனியில நார்அட்ரினலின் (அட்ரினலின் மாதிரியே ஒண்ணு) சுரந்து இதயத்தை வேகமா அடிக்க வைக்கும். ஆம்லோடிபின் மெதுவா ஏறுறதால அது ரொம்ப தெரியாது, பழைய நிஃபெடிபின் கேப்சூல்ல படபடன்னு அடிச்சுக்கும்.

மெட்டோப்ரோலால் என்ன பண்ணும்னா, இதயத்துல அட்ரினலின் வந்து உக்கார்ற பீட்டா-1ங்குற சீட்ல (ரிசெப்டர்னு சொல்வாங்க) முன்னாடியே துண்டு போட்டு இடம் பிடிச்சிடும். ஹார்மோன் வந்தாலும் நின்னுட்டுதான் போகணும். அதே சீட் கிட்னியிலயும் இருக்கு, அங்க துண்டு விழுந்தா பிரஷரை ஏத்தி விடுற ரெனின் சுரக்குறதும் குறையும், அதனால பிரஷரும் இறங்கும்.

சேலம்_மாமா:
தம்பி, அம்மா சுகருக்கு என்ன மாத்திரை? இன்சுலினோ கிளிமிபிரைடோ போட்டா உஷார். லோ சுகர் ஆனா வர்ற படபடப்பு, கை நடுக்கத்தை இந்த மாத்திரை மறைச்சிடும், வேர்க்குறது மட்டும் மறையாது. எங்கப்பாவுக்கு சட்டையே நனைஞ்சு போச்சு, கரண்ட் இல்லையே அதான் வேர்க்குதுன்னு விசிறியை வெச்சு வீசிட்டு இருந்தோம், அப்புறம் குத்திப் பாத்தா சுகர் 58.

கோவைவாசி:
ஐயோ, கிளிமிபிரைடுதான் மாமா. அப்ப மெட்டோப்ரோலாலை இன்னைக்கே நிறுத்திடவா?

மருந்துக்கடை:
நீங்களா நிறுத்தாதீங்க! இத்தனை நாள் சீட் மறிச்சதுல உடம்பு கூடுதல் சீட் போட்டு வெச்சிருக்கும், திடீர்னு துண்டை எடுத்தா மொத்த அட்ரினலினும் ஏறி உக்காந்துக்கும், பல்ஸும் பிரஷரும் எகிறும், சிலருக்கு நெஞ்சு வலியே வரும். டாக்டருக்கு போன் பண்ணி பல்ஸ் நம்பரை சொல்லுங்க. தலைசுத்தல், மயக்கம், மூச்சு வாங்குறதுன்னு ஏதாவது இருந்தா போன்லாம் வேணாம், நேரா கூட்டிட்டு போங்க.

டெல்மி_பார்ட்டி:
நான் முதல்ல ராமிப்ரில், வறட்டு இருமல் தாங்கல, இப்ப டெல்மிசார்டன். பல்ஸ் அன்னைக்கும் 78 இன்னைக்கும் 78. இதுல வேடிக்கை, ரெனின் குறையாது, கூடத்தான் செய்யும், ஆனா அதோட கடைசி வேலை நடக்குற இடத்துல கதவு சாத்தியிருக்கும். சுகர்காரங்களுக்கு பெரும்பாலும் இந்த வகையைத்தான் முதல்ல குடுப்பாங்க, அம்மாவுக்கு ஏன் குடுக்கலன்னு கேளுங்க, ஹார்ட்ல ஏதாவது பாத்து மெட்டோப்ரோலால் எழுதியிருக்கலாம். பொட்டாசியம் டெஸ்ட் மட்டும் அப்பப்ப பாக்கணும்.

கோவைவாசி:
போன் பண்ணேன். ஈசிஜி எடுக்க சொன்னார், எடுத்தாச்சு, நார்மல். டோஸை 25 ஆக்கிட்டார், டெல்மிசார்டன் பத்தி அடுத்த வாரம் நேர்ல பேசலாம்னார். இன்னைக்கு காலையில பல்ஸ் 62. அம்மா மெஷினை கையில கட்டிக்கிட்டே உக்காந்திருக்காங்க, கழட்ட மாட்டேங்குறாங்க.