மறதிநோய் உள்ளவர்களோடு கதை கட்ட, படங்கள் தேவை

வணக்கம் நண்பர்களே. 1990களில் அமெரிக்காவில் ஆன் பாஸ்டிங் என்ற நாடகக் கலைஞர் தொடங்கிய டைம்ஸ்லிப்ஸ் முறையில், மறதிநோய் உள்ள பெரியவர்களோடு சேர்ந்து கதை கட்டுகிறோம். படத்தைக் காட்டி, "இவங்களுக்கு என்ன பேர் வைக்கலாம்? எங்க கிளம்பிட்டாங்க?" என்று கேட்போம். வரும் பதில் பொருந்தாவிட்டாலும், வெறும் முனகலானாலும், அப்படியே சார்ட்டில் ஏறும். நாலைந்து பதிலுக்கு ஒருமுறை உரக்க வாசிக்காவிட்டால் கதை அறுந்துவிடும். "ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்கவே கூடாது, பரீட்சை போலாகி வாய் அடைத்துவிடும். நோய் குணமாகாது, ஆனால் பேச்சு வரும்.

படம்தான் சிக்கல். குடும்பப் படம், சாமி படம், நடிகர் படம் எல்லாம் உதவாது. சரியான விடை ஒன்று இருப்பதாகத் தோன்றிவிடும். ஆட்டுக்குட்டியோடு பஸ் ஏறும் பாட்டி மாதிரி கொஞ்சம் விசித்திரமாக, ஓரிரு ஆட்களோடு, ஏ4 தாளில் தெளிவாக அச்சாகும் படம் இருந்தால் அனுப்புங்களேன். வேகமாக, பெரிய எழுத்தில் எழுதத் தெரிந்த ஒருவரும் வேண்டும்.