கருவாட்டுச் சண்டையில் வந்த தண்டனை: மனைவியைக் கனடாவுக்கு ஸ்பான்சர் செய்ய முடியுமா?

மஞ்சக்குப்பத்தான்:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பம் சொந்த ஊர். 2012-இல் பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கிக் கனடா போனேன், 2019-இல் சிட்டிசன் ஆனேன். இந்த வருஷம் தை மாதம் திருவந்திபுரத்தில் கல்யாணம். மனைவிக்குப் புதுச்சேரி முத்தியால்பேட்டை. அவளை ஸ்பான்சர் செய்யலாம் என்று படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கேள்வியில் கை நின்றுவிட்டது. குற்றத் தண்டனை பற்றிய கேள்வி. எனக்கு ஒன்று இருக்கிறது.

முழுசாகவே சொல்லிவிடுகிறேன். 2014 ஜனவரி. டொராண்டோ ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட், மூன்று பேர். வெளியே பனி, ஜன்னலைத் திறக்க வழியில்லை. அம்மா முதுநகர் மார்க்கெட்டில் வாங்கி, மொட்டைமாடியில் இன்னொரு தடவை காயவைத்து, நாலு கவர் போட்டுச் சுற்றிக் கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடு அரைக்கிலோ வந்திருந்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்து பார்த்தால், கூட இருந்தவன் அதை எடுத்து வெளியே குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறான். வீட்டு ஓனர் நாற்றம் என்று கத்தினாராம். வாய்ச்சண்டை ஆனது, தள்ளினேன். அவன் நெற்றி சிங்க் விளிம்பில் பட்டு மூன்று தையல். மேல் வீட்டுக்காரர்கள் போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

காயம் ஏற்படுத்திய தாக்குதல் என்று முதலில் போட்டார்கள். வக்கீல் பேசிப் பேசி வெறும் 'அசால்ட்' (சாதாரணத் தாக்குதல்) என்று குறைத்தார். செப்டம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். ஜெயில் இல்லை. 12 மாதம் புரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு), கோபத்தை அடக்கும் வகுப்பு, 100 டாலர் சர்சார்ஜ் (தண்டனையோடு கட்டும் கூடுதல் கட்டணம்). கூட்டாளிகளுக்கு அது இன்றைக்கும் 'கருவாட்டு கேஸ்'. சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

போன வாரம் புதுச்சேரியில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். "பத்து வருஷத்துக்கு மேல ஆச்சே சார், இல்லைன்னு டிக் பண்ணிடலாம்" என்றார் அங்கிருந்தவர். ஃபைலைக்கூடப் பார்க்கவில்லை. அவர் சொன்ன வேகம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஸ்பான்சர் செய்ய எனக்குத் தகுதி இருக்கிறதா? பழைய கேஸால் அவளுடைய பிஆர் நிற்குமா? இன்னொன்றும் இருக்கிறது. மனைவிக்கு இது எதுவும் தெரியாது. மாமனார் ரிட்டயர்டு அரசு ஊழியர், கரண்ட் பில்லையே இரண்டு தடவை படிப்பவர்.

நெய்வேலி டூ டொராண்டோ:

நண்பரே, முதல் வேலையாக அந்தக் கன்சல்டன்சிப் பக்கம் போவதை நிறுத்துங்கள். பொய்யான தகவல் கொடுத்தது தெரிந்தால் விண்ணப்பிப்பவருக்கு 5 வருஷம் கனடா கதவு மூடிவிடும். ஸ்பான்சர் சொன்ன பொய்யும் அவர் தலையில்தான் விடியும். பழைய கேஸ் உங்களுடையது, தடை உங்கள் மனைவிக்கு. தேவையா? காசு வாங்கிக்கொண்டு கனடா இமிகிரேஷன் ஆலோசனை சொல்பவர், கனடாவில் உரிமம் பெற்ற கன்சல்டன்டாகவோ வக்கீலாகவோ இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்டுப் பாருங்கள், அவர் முகம் போகிற போக்கிலேயே தெரிந்துவிடும்.

இப்போது சட்டம். எல்லாத் தண்டனையும் ஸ்பான்சரைத் தடுக்காது. தடுப்பவை எவை என்று குடிவரவு விதிமுறை 133-இல் இருக்கிறது. பாலியல் குற்றம் தடுக்கும். 10 வருஷமோ அதற்கு மேலோ தண்டனை கொடுக்கக்கூடிய வன்முறைக் குற்றத்தில், இண்டைட்டபிள் முறையில் (பெரிய குற்றமாக நடத்தும் வழக்கில்) தண்டிக்கப்பட்டிருந்தால் தடுக்கும். சாதாரண அசால்ட்டுக்கு உச்சத் தண்டனை அதைவிடக் குறைவு, அதனால் அதில் நீங்கள் மாட்டவில்லை. மூன்றாவது, சொந்தக்காரர் ஒருவருக்கு உடற்காயம் உண்டாக்கிய குற்றம். இதில் கேஸின் பெயர் பெரிதா சிறிதா என்பது கணக்கில்லை, காயம் பட்டதா என்பதுதான் கணக்கு. மூன்று தையல் என்றால் காயம்தான். அதனால் கேட்கிறேன்: அடிபட்டவர் உங்களுக்கு ஏதாவது உறவா? ரூம்மேட் மட்டும்தானா?

எதுவாக இருந்தாலும் பயப்படாதீர்கள். தண்டனை முழுவதும் முடிந்து 5 வருஷம் ஆகிவிட்டால் இந்தத் தடை போய்விடும். ரெக்கார்டு சஸ்பென்ஷன் (குற்றப் பதிவைத் தனியே ஒதுக்கிவைக்கும் உத்தரவு) வாங்கியிருந்தாலும் போய்விடும். ஆனால் 'முழுவதும்' என்பதைக் கவனியுங்கள். புரொபேஷனும் தண்டனையில் சேர்த்தி. அந்த 100 டாலரைக் கட்டினீர்களா? கட்டாமல் விட்டு, பின்னால் முழிக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம், இது ரொம்பப் பேருக்குத் தெரியாது. புரொபேஷன் இரண்டு வகையில் வரும். கண்டிஷனல் டிஸ்சார்ஜுடன் (நிபந்தனையோடு விடுவிப்பது) வந்தால், குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தாலும் அது சட்டப்படி தண்டிக்கப்பட்டதாகாது. சஸ்பெண்டட் சென்டன்ஸுடன் (தண்டனை விதிப்பதை நிறுத்திவைப்பது) வந்தால் ஆகும். உங்களுக்கு எது கிடைத்தது? ஞாபகத்தை நம்பாதீர்கள், கோர்ட் பேப்பரை வாங்குங்கள். டொராண்டோ கிரிமினல் கோர்ட்டுகள் பலவற்றை 2023-இல் டவுன்டவுன் ஆர்மரி தெருவில் புதிதாகக் கட்டிய ஒரே கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய இடத்துக்கு ஆளை அனுப்பி அலையவிடாதீர்கள்.

பலாக்கொட்டை (பண்ருட்டி):

அண்ணே, உங்களுக்காவது கேஸ் கனடாவில். எங்கள் கதை புதுச்சேரி எல்லையில் இருக்கிற முள்ளோடையில்.

நான் ஆல்பர்ட்டாவில் நர்ஸ். ஸ்பான்சர் செய்தது என் வீட்டுக்காரரை. 2016-இல் அவர் கூட்டாளிகளோடு எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு பைக்கில் திரும்பி வரும்போது, கடலூர்ப் பக்கம் ஊத வைத்துப் பிடித்துவிட்டார்கள். காலையில் கோர்ட்டுக்குப் போய் 2,000 ரூபாய் கட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். நம் ஊரில் அதை யாராவது கேஸ் என்று சொல்வார்களா? ஹெல்மெட் ஃபைன் மாதிரிதான். கனடாவில் அது தண்டனை. அதிலும் 2018 டிசம்பர் 18-இலிருந்து குடித்துவிட்டு ஓட்டுவதற்கு அங்கே உச்சத் தண்டனை 10 வருஷம், அதனால் பெரிய குற்றங்களின் வரிசைக்குப் போய்விட்டது. இவருடையது அந்தத் தேதிக்கு முந்தியது என்பதால் கொஞ்சம் தப்பித்தோம்.

எங்கள் வக்கீல் முதலில் கேட்டது, "மெஷினில் எவ்வளவு காட்டியது?" என்று. இந்தியாவில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினாலே குற்றம், கனடாவில் அளவு 80. நடுவில் எங்காவது இருந்தால், கனடாவில் அது குற்றமே ஆகாது என்று வாதாடிப் பார்க்கலாமாம். ஆசையாகக் கோர்ட்டில் மனுப் போட்டு நகல் வாங்கிப் பார்த்தோம். 118. அன்றைக்கு இவர் என்னிடம் சொன்ன கணக்கு ரெண்டு பீர்.

ஃபைன் கட்டி 5 வருஷம் முடிகிற வரை காத்திருந்து, ரிஹாபிலிடேஷன் மனுவையும் (திருந்திவிட்டார், பழைய குற்றத்துக்காகத் தடுக்காதீர்கள் என்று கேட்பது) சேர்த்துப் போட்டோம். பாஸ்போர்ட் ஆபீஸ் கொடுத்த பிசிசி (போலீஸ் சர்டிபிகேட்) சுத்தமாகத்தான் வந்தது. அதை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கலாமே என்று மாமியார் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, படிவத்தில் எழுதினோம். விசா வந்துவிட்டது.

இந்த ரிஹாபிலிடேஷன் எல்லாம் போகிறவருக்குத்தான் அண்ணே, ஸ்பான்சர் செய்கிறவருக்கு இல்லை. யாராவது உங்களையும் போடச் சொன்னால் போட்டுவிடாதீர்கள்.

மஞ்சக்குப்பத்தான்:

ரெண்டு பேருக்கும் நன்றி. நெய்வேலி நண்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். முதலில் எழுதாமல் விட்டதற்கு மன்னிக்கவும்.

அடிபட்டவன் என் பெரியம்மா மகன். வயதில் ஒரு வருஷம் மூத்தவன், நான் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. என்னைக் கனடாவுக்கு வரச் சொல்லி, முதல் மூன்று மாதம் வாடகை வாங்காமல் தங்கவைத்தவன். எங்களுக்குள் ஆறு மாதத்தில் சரியாகிவிட்டது. என் கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்து, அன்றைக்குத் திருவந்திபுரத்தில் இருந்த கூட்டத்தில் எங்கள் ஜோடியைத் தொலைத்துவிடாமல் கையைப் பிடித்து மலைப் படியில் இறக்கியவன் அவன்தான். பெரியம்மாதான் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "ஏங்க உங்க பெரியம்மா இப்படி இருக்காங்க?" என்று மனைவி கேட்டபோது சொத்துத் தகராறு என்று சொல்லிவைத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் தகராறு பண்ணுகிற அளவுக்குச் சொத்து கிடையாது.

சொல்தா பேரன்:

கனடா பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள். தாத்தா 1962-இல் பிரெஞ்சு நேஷனாலிட்டி எடுத்தவர். சித்தப்பாவுக்குப் பாரிஸ் பக்கம் ஏதோ பழைய தண்டனை உண்டு. சித்தி புதுச்சேரிக்காரர், இந்தியன் பாஸ்போர்ட். அவருக்கு விசா போட்டபோது சித்தப்பாவின் தண்டனையை யாரும் கேட்கவே இல்லை. பிரெஞ்சுக்காரரின் மனைவிக்கு லாங் ஸ்டே விசாவை மறுக்க வேண்டுமானால் கல்யாணம் மோசடி, அல்லது செல்லாது, அல்லது வருகிறவரால் பொது ஒழுங்குக்கு ஆபத்து, இந்த மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். அங்கே கழுத்தை அறுப்பது எத்தா சிவிலில் (பிறப்பு, கல்யாணம் பதியும் பிரெஞ்சுப் பதிவேடு) கல்யாணத்தைப் பதிவதுதான். சித்தியின் பெயரில் ஓர் எழுத்து பர்த் சர்டிபிகேட்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. அதைச் சரிசெய்யவே ஒரு வருஷம் போனது.

நெய்வேலி டூ டொராண்டோ:

பெரியம்மா மகன் என்றால் ரத்த உறவு. அப்படியானால் விதி 133 உங்களைத் தொடுகிறது. நல்லவேளை கேட்டேன். ஆனால் கணக்கு உங்கள் பக்கம்தான்: 2014 செப்டம்பரில் தீர்ப்பு, 2015 செப்டம்பரில் புரொபேஷன் முடிவு, 2020 செப்டம்பரோடு தடை தீர்ந்தது. சர்சார்ஜ் கட்டிய ரசீது ஒன்றுதான் பாக்கி. கேள்வி எப்படிக் கேட்கப்பட்டிருக்கிறதோ, அந்த வார்த்தைகளைப் படித்து அதற்கு மட்டும் உண்மையான பதிலைப் போடுங்கள். கூடவே ஒரு பக்கக் கடிதம்: நடந்தது, தேதி, தண்டனை, முடிந்த நாள். கருவாட்டின் ருசி பற்றி எழுத வேண்டாம். கோர்ட் பேப்பரை இணையுங்கள். இது உங்கள் மனைவி பிஆர் வாங்கத் தகுதியானவரா என்ற கேள்விக்குள் வராது. அங்கே பார்ப்பது அவருடைய பிசிசி, மெடிக்கல், கல்யாணம் நிஜமா என்பது.

ரோகிணி டீச்சர் (புதுப்பாளையம்):

தம்பி, சட்டத்தை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் ஒன்று கேட்கிறேன். என் பெண்ணுக்கு இதே படிவம் போட்டோம், அதனால் தெரியும். ஸ்பான்சர்ஷிப் ஒப்பந்தம் இருக்கிற அந்தப் படிவத்தில் உங்கள் கையெழுத்து மட்டும் போதாது, உங்கள் மனைவியும் போட வேண்டும். அந்தப் பிள்ளை படிக்காமலா போடும்? எங்கே போடணும் என்று காட்டி, பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் கையெழுத்து வாங்குகிற ஆளாக இருந்தால் உங்களிடம் எனக்குப் பேச்சில்லை. முதலில் அவளிடம் சொல்லுங்கள், அப்புறம் கனடாவுக்குச் சொல்லலாம். உங்கள் பெரியம்மா வாயிலிருந்து அவள் கேட்கும்படி வைத்துவிடாதீர்கள். வீட்டுக்குள் வைத்தும் சொல்ல வேண்டாம், மாமனார் காது இருக்கும்.

மஞ்சக்குப்பத்தான்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

பேப்பரைப் பெரியம்மா மகனே போய் வாங்கி ஸ்கேன் பண்ணி அனுப்பினான். கவுண்டரில் இருந்த பெண், நீங்கள் யார் என்று கேட்டாராம். "அடிவாங்கினவன்" என்றானாம். சஸ்பெண்டட் சென்டன்ஸ். ஆக, தண்டனை தண்டனைதான். 100 டாலர் 2014 நவம்பரில் கட்டியாகிவிட்டது. கட்டியது எனக்கு ஞாபகமே இல்லை.

ரோகிணி டீச்சர் சொன்னபடி வெளியே கூட்டிப் போனேன். புதுச்சேரி பீச்சில், காந்தி சிலையிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கருங்கல் பாறை மேல் உட்கார்ந்து சொன்னேன். சாயங்காலம் அந்த ரோட்டில் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் ரோடு முழுக்க ஜனம், அதற்குள் பேசுவதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது. சண்டையைச் சொன்னபோது ஒன்றும் சொல்லவில்லை. தையல், போலீஸ், கோர்ட், எல்லாவற்றுக்கும் சும்மா இருந்தாள். சொத்துத் தகராறு பொய் என்றபோதுதான் எழுந்துவிட்டாள். "அந்தம்மா கிட்ட நான் ஆறு மாசமா முகத்தைத் திருப்பிக்கிட்டு இருக்கேன், உங்க பக்கம் நிக்கிறேன்னு" என்றாள். ஆட்டோவில் வீடு வரை பேசவில்லை.

மறுநாள் படிவத்தை வாங்கிப் பென்சிலோடு உட்கார்ந்தாள். அப்பா மாதிரியேதான், இரண்டு தடவை படித்தாள். நான் எழுதிய கடிதத்தில் "தற்செயலாகப் பட்டது" என்று இருந்ததை அடித்துவிட்டு "தள்ளினேன்" என்று போட்டாள். சரி என்றேன். பெரியம்மா வீட்டுக்கு அவளே தனியாகப் போய்விட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. ஒரு டப்பாவில் வஞ்சிரக் கருவாடு வந்தது.

மாமனாரிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லப் போகிறோம்.

இப்போது நிற்பது வேறு இடத்தில். கல்யாணத்துக்கு முன்னால் அவள் துபாயில் 14 மாதம் வேலை பார்த்திருக்கிறாள். தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்த நாட்டிலிருந்து போலீஸ் சர்டிபிகேட் கேட்கிறார்கள். அங்கே கொடுத்த அடையாள அட்டை, எமிரேட்ஸ் ஐடி, காலாவதி ஆகிவிட்டது. ஊரில் இருந்துகொண்டே அதை வாங்கியவர்கள் யாராவது இருந்தால், கைரேகையை எங்கே எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.