1913ல கடலூர் டாக்டர் மேசைல என்ன புத்தகம் இருந்திருக்கும்?

பெண்ணைக்கரை (கேள்வி)

வணக்கம் மக்களே, ஒரு குறுநாவல் எழுதிட்டு இருக்கேன். கதை நடக்குறது 1913, கடலூர் மஞ்சக்குப்பம். ராயபுரம் மெடிக்கல் ஸ்கூல்ல படிச்ச ஒரு டாக்டர், அவருக்கு ஒரு கம்பவுண்டர், ரெண்டு பேரும் சேர்ந்து நடத்துற சின்ன டிஸ்பென்சரி, அவ்ளோதான் களம். நடு ராத்திரில முதுநகர் பக்கம் இருந்து வாந்திபேதினு ஒரு ஆளை மாட்டு வண்டில போட்டு தூக்கிட்டு வர்றாங்க, டாக்டர் லாந்தர் வெளிச்சத்துல ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டுறார்னு எழுதி வச்சிருக்கேன். அது என்ன புத்தகம்னு தான் தெரியல. நெட்ல தேடினா எடுத்த எடுப்புல மெர்க் மானுவல் 1899னு வருது, அதையே போட்டுடலாமா?

இன்னொன்னு, இவருக்கு புதுச்சேரில ஒரு டாக்டர் ஃப்ரெண்டு, அவர் அங்கயே பிரெஞ்சுக்காரன் மெடிக்கல் ஸ்கூல்ல படிச்சவர். ரெண்டு பேரும் ஒரே புத்தகம் தான் வச்சிருந்திருப்பாங்களா? இருபது கிலோமீட்டர் சொச்சம் தானே தூரம்.

அவுன்ஸ்கிளாஸ்

திருப்பாதிரிப்புலியூர்ல ரொம்ப வருஷம் மருந்துக் கடை வச்சிருந்தவன், பழைய மெட்டீரியா மெடிக்கா, அதாவது மருந்தோட குணம் சொல்ற புத்தகம், எங்க கிடைச்சாலும் வாங்கிப் போடுற கெட்ட பழக்கம் உண்டு, அதனால சொல்றேன் தம்பி.

மெர்க் வேண்டாம். அது 1899ல நியூயார்க்ல வந்தது, மொத்தமே 192 பக்கம், தடிப் புத்தகமும் கிடையாது, பாக்கெட்ல போட்டுக்கலாம். முதல் பாதி மருந்து பேரு வரிசை, அடுத்தது நோய் பேரு வரிசை, அந்த நோய்க்கு என்னென்ன குடுக்கலாம்னு நீளமா ஒரு லிஸ்ட். ஆர்சனிக் இல்லாத நோயே இல்லைன்ற மாதிரி இருக்கும். நல்ல புத்தகம் தான், மிஷன் டாக்டர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1913ல ஆப்பிரிக்கா போறப்ப கையோட எடுத்துட்டுப் போனாராம். ஆனா அது அமெரிக்கா டாக்டருக்காக போட்டது, மெட்ராஸ் பிரசிடென்சில படிச்சவர் கைல இருந்ததுன்னு எழுதினா, விஷயம் தெரிஞ்சவன் அந்தப் பக்கத்துலயே புத்தகத்தை மூடிடுவான்.

முதல்ல ஒன்னு பிரிச்சுக்கோங்க. ஃபார்மகோப்பியா வேற, மெட்டீரியா மெடிக்கா வேற, நோயையும் அதோட சிகிச்சையையும் சொல்ற பிராக்டிஸ் ஆஃப் மெடிசின் வேற. நோயாளி பக்கத்துல உக்காந்துகிட்டு எந்த டாக்டரும் ஃபார்மகோப்பியாவைப் புரட்ட மாட்டார், அது மருந்து எப்படி காய்ச்சணும், எவ்வளவு வீரியம்னு சொல்ற சட்ட புத்தகம், அது இருக்க வேண்டிய இடம் கம்பவுண்டர் கவுண்டர். 1913னா பிரிட்டிஷ் ஃபார்மகோப்பியா 1898 பதிப்பு தான், கூடவே 1900ல இந்தியாவுக்கும் மத்த காலனிகளுக்கும்னு ஒரு அனுபந்தம் போட்டாங்க, அதுல நம்ம ஆடாதோடை, நிலவேம்பு, வேப்பம்பட்டை, சீந்தில் எல்லாம் உள்ள வந்துடுச்சு. உங்க கம்பவுண்டர் நிலவேம்பை எடுத்தா அது பாட்டி வைத்தியம் இல்ல, அப்ப அது கவர்மெண்ட் ஒத்துகிட்ட மருந்து. கதைல நல்லா யூஸ் ஆகும்.

டாக்டர் மேசைல ஹேல் ஒயிட்டோட மெட்டீரியா மெடிக்கா வைங்க, 1892ல முதல் பதிப்பு, அப்புறம் பதிப்பு மேல பதிப்பு வந்துகிட்டே இருந்துச்சு. இல்லாட்டி கல்கத்தாவுல ராக்கல்தாஸ் கோஷ் எழுதினது, நம்ம நாட்டு பசங்களுக்காகவே எழுதினது. கொஞ்சம் வசதியான டாக்டர்னா ஆஸ்லரோட பெரிய பிராக்டிஸ் ஆஃப் மெடிசின் புத்தகம், அதுவும் 1892. ஆஸ்லர் ஒரு விசித்திரம், நோயை அவ்ளோ அழகா விவரிப்பார், மருந்துனு வர்றப்ப பாதிக்கு மேல பிரயோஜனம் இல்லன்ற தொனிலயே பேசுவார். நிமோனியா தானா ஓடி முடியுற நோய், எந்த மருந்தும் அதை நடுவுல நிறுத்தாதுனு அப்பவே எழுதினவர். கடைசில 1919ல அவரே நிமோனியா வந்து அதோட சிக்கல்ல தான் போனார். உங்க டாக்டர் சந்தேகப் பிராணியா, நம்பிக்கைக்காரரானு முடிவு பண்ணிட்டு புத்தகத்தை எடுங்க.

வில்லியனூர்க்காரி

புதுச்சேரி பக்கத்துக்கு நான் சொல்றேன். ஒரே புத்தகமா? சான்ஸே இல்ல. இங்க ஆட்சி பிரெஞ்சு, சட்டம் பிரெஞ்சு, ஃபார்மகோப்பியாவும் பிரெஞ்சு தான், அதுக்கு பேரு கோடெக்ஸ். 1913ல நடப்புல இருந்தது 1908 பதிப்பு. அதோட ஃபார்மசி கவுண்டர்ல கண்டிப்பா தோர்வோ எழுதின ‘லோஃபிசீன்’ இருக்கும், 1844ல ஆரம்பிச்சு திரும்பத் திரும்ப புதுப்பிச்சு போட்டுகிட்டே இருந்த குண்டு புத்தகம், மருந்து செய்முறைல இருந்து எல்லாமே அதுல உண்டு. சில பேர் விதால்னு பிரெஞ்சு மருந்து டிக்ஷனரி பேரை எழுதுவாங்க, அதை மட்டும் போட்டுடாதீங்க, அது முதல்ல வந்ததே 1914ல.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயம் புத்தகம் கூட இல்ல, அளவு. கடலூர்ல இங்கிலீஷ் கணக்கு, எடைக்கு கிரெயின், தண்ணி மருந்துக்கு மினிம், ரெண்டுக்கும் டிராம், அவுன்ஸ். இங்க கிராம். அதுலயும் தண்ணி மருந்தை கூட பிரெஞ்சு முறைல தராசுல நிறுத்து தான் ஊத்துவாங்க, பாட்டிலை தட்டுல வச்சு எடை சமன் பண்ணிட்டு, 150 கிராம் போசியோன்னு (குடிக்கிற தண்ணி மருந்து) சீட்டுல எழுதியிருந்தா 150 கிராம் வர்ற வரைக்கும். கடலூர்க்காரர் கையில கோடு போட்ட கிளாஸ் இருக்கும், கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு அளப்பார். சொட்டுக்கும் இங்க கணக்கு இருக்கு, சொட்டு விடுற குழாயோட வாய் வெளி விட்டம் 3 மில்லிமீட்டர், 15 டிகிரில 20 சொட்டு தண்ணி சரியா ஒரு கிராம் வரணும். ஒரே சீன்ல ரெண்டு டிஸ்பென்சரியையும் காட்டுனீங்கனா இதை வச்சே வித்தியாசத்தை காட்டிடலாம், டயலாக்கே தேவையில்ல.

கொண்டங்கி

எல்லாம் சரி ப்ரோ, 1913 புதுச்சேரினு ஆரம்பிச்சாலே பாரதியார் தெருவுல நடந்து போவாரு, கதாநாயகன் அவரைப் பாத்து கும்பிடுவாரு. தயவு செஞ்சு அது மட்டும் வேணாம், படிச்சு படிச்சு அலுத்துப் போச்சு 😂

அப்புறம் ஒரு டவுட்டு. தமிழ்ல மருத்துவ புத்தகமே இல்லையா அப்ப? சாம்பசிவம் பிள்ளை அகராதி எங்க தாத்தா வீட்ல பாத்திருக்கேனே.

அவுன்ஸ்கிளாஸ்

அது 1931ல தான் வர ஆரம்பிச்சது, கதைக்கு ரொம்ப லேட். அவர் போலீஸ் உத்தியோகத்துல இருந்துகிட்டு அவ்ளோ பெரிய அகராதி பண்ணினார்ன்றது தனிக் கதை, அதுக்கு வேற இழை போடுங்க.

அதுக்கு ரொம்ப முன்னாடியே யாழ்ப்பாணத்துல, மானிப்பாய்ல, சாமுவேல் கிரீன்னு ஒரு அமெரிக்க மிஷன் டாக்டர் தமிழ்லயே மருத்துவம் சொல்லிக் குடுத்தார், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம்னு புத்தகமா போட்டார், எல்லாம் 1884க்குள்ள, அந்த வருஷம் அவர் இறந்துட்டார். உங்க டாக்டர் படிச்சது இங்கிலீஷ்ல, அதனால அவர் மேசைல இது இருக்காது. மெட்ராஸ்ல மொய்தீன் ஷெரீப் 1869ல இந்திய ஃபார்மகோப்பியாவுக்கு ஒரு சேர்க்கை போட்டார் பாருங்க, அதுல ஒவ்வொரு செடிக்கும் பல பாஷைல பேர் குடுத்திருப்பார், தமிழும் உண்டு. சீமைல இருந்து சரக்கு வரலனா நாட்டு மருந்துக் கடைல என்ன பேர் சொல்லி கேக்குறதுனு தெரிஞ்சுக்க அது தான் வழி.

பெண்ணைக்கரை

சார், மேடம், ரெண்டு பேருக்கும் பெரிய கும்பிடு. பாரதியார் வர மாட்டார், சத்தியம். இப்ப மெயின் சீனுக்கு வர்றேன், வாந்திபேதி, அதாவது காலரா. டாக்டர் என்ன பண்ணுவார்? புத்தகத்துல என்ன இருந்திருக்கும்? அப்புறம் புதுச்சேரி ஃப்ரெண்டை கதைக்குள்ள எப்படி இழுக்குறதுனு ஐடியா இருந்தா சொல்லுங்க.

அவுன்ஸ்கிளாஸ்

பழைய புத்தகம்னா அபின் சேர்ந்த மருந்து, குளோரோடைன், பிராந்தி, கை கால் தேய்ச்சு சூடு பண்றது, இப்படித் தான். ஆனா சரியா உங்க 1913லயே லியோனார்ட் ராஜர்ஸ் காலராவுக்குன்னே ஒரு புத்தகம் போட்டார். கல்கத்தாவுல வேலை பாத்த இங்கிலீஷ் டாக்டர். உடம்புல இருந்து போன உப்பையும் தண்ணியையும் ரத்தக் குழாய் வழியா திருப்பி ஏத்தணும், அதுவும் சாதா உப்புத் தண்ணி பத்தாது, கெட்டியா இருக்கணும்னு காட்டினார், ஒரு பைண்ட் தண்ணிக்கு 120 கிரெயின் உப்பு, கொஞ்சம் கால்சியம் குளோரைடு. அதுல சாவு கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சது. புது புத்தகத்தை தபால்ல வரவழைச்சு இன்னும் பக்கம் கூட முழுசா அறுக்காம வச்சிருக்கிற டாக்டர்னு எழுதுங்க, அப்பல்லாம் பல புத்தகம் பக்கம் ஒட்டினாப்ல தான் வரும், கத்தி வச்சு அறுத்துப் படிக்கணும். காலரா கேஸ் வாசல்ல கிடக்க இவர் பக்கத்தை அறுத்துகிட்டு இருக்கார். லாந்தர் வெளிச்சத்துக்கு இது போதும்.

புதுச்சேரி ஃப்ரெண்டுக்கு வர்றேன், இதுல தான் சமாச்சாரமே இருக்கு. ஊருக்கு ஊர் விஷ மருந்தோட வீரியம் மாறுதேன்னு 1906ல பிரஸ்ஸல்ஸ்ல பல நாடு சேர்ந்து ஒப்பந்தம் போட்டாங்க. வசநாபி டிங்க்சர், அதாவது அந்த விஷக் கிழங்கை சாராயத்துல இறக்கின மருந்து, பத்துக்கு ஒரு பங்கு கிழங்கு இருக்கணும்னு முடிவு. பிரெஞ்சு கோடெக்ஸ் 1908லயே அப்படி மாத்திடுச்சு. பிரிட்டிஷ்காரன் ஆடி அசைஞ்சு 1914 பதிப்புல தான் மாத்தினான், அதுவரைக்கும் 1898 கணக்குப்படி இருபதுக்கு ஒன்னு. அப்ப 1913ல என்ன ஆச்சு? ஒரே பேர் உள்ள டிங்க்சர், பாண்டில வாங்கினா கடலூர் டிங்க்சரை விட ரெண்டு மடங்கு வீரியம். வசநாபி டோஸ் ரெண்டு மடங்கு ஆனா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல, இருதயம் தாங்காது.

வில்லியனூர்க்காரி

ஐயோ சார் இது செம!! அப்ப காய்ச்சலுக்கோ நரம்பு வலிக்கோ கடலூர் டாக்டர் எழுதின சீட்டை ஒருத்தர் எடுத்துட்டு இங்க சொந்தக்காரங்க வீட்டுக்கு வர்றார், பாட்டில் தீந்து போய் இங்கயே ஒரு ஃபார்மசில மறுபடி கலக்கி வாங்குறார். சீட்டுல மினிம் கணக்கு, இங்க இருக்கறவர் அதை சொட்டாக்கி போடுறார், யார் மேலயும் தப்பே இல்ல, ரெண்டு பேரும் அவங்கவங்க புத்தகப்படி சரியா தான் செஞ்சிருக்காங்க. நடுவுல எல்லைல சுங்கச் சாவடி, இப்ப முள்ளோடைல பாட்டிலைத் தடவிப் பாக்குற மாதிரி அப்பவும் பாப்பாங்க, ஆனா டிங்க்சர் வீரியத்தை எவன் பாக்கப் போறான்.

புதுச்சேரி டாக்டர் தான் இதைக் கண்டுபிடிக்கணும். அவர் ரெண்டு புத்தகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கற ஆளா இருக்கணும், கடலூர் ஃப்ரெண்டோட 1898 பிரதி ஒன்னு அவர்கிட்ட இருக்கலாம்.

பெண்ணைக்கரை

கதையே மாறிடுச்சு போங்க, காலரா முதல் அத்தியாயத்தோட சரி, வசநாபி தான் இனி மெயின். கோடெக்ஸ், ஃபார்மகோப்பியா ரெண்டையும் கண்ணால பாக்கணுமே, எங்க கிடைக்கும்? சீட்டு எப்படி எழுதுவாங்கனும் ஒரு மாதிரி வேணும்.

வில்லியனூர்க்காரி

பிரெஞ்சு புத்தகத்துக்கு பாரிஸ் தேசிய நூலகத்தோட கல்லிக்கா சைட் இருக்கு, பிரிட்டிஷ் புத்தகத்துக்கு ஆர்க்கைவ் டாட் ஆர்க்ல தேடுங்க, வெல்கம் கலெக்‌ஷன்ல இருந்து ஏகப்பட்டது ஏத்தியிருக்காங்க. நேர்ல தொட்டுப் பாக்கணும்னா ரொமேன் ரோலன் லைப்ரரில ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

சீட்டு சுலபம். பிரெஞ்சு சீட்டுல மருந்து பேரு ஒன்னு கீழ ஒன்னு, எதிர்ல கிராம், கடைசில எஃப்.எஸ்.ஏ.னு மூனு எழுத்து, முறைப்படி செய்யவும்னு அர்த்தம், அதுக்குக் கீழ மணிக்கு ஒரு கரண்டினு எப்படி சாப்பிடணும்னு இருக்கும். கடலூர் சீட்டு எப்படி இருக்கும்னு சார் சொல்லணும்.

அவுன்ஸ்கிளாஸ்

மேல ஆர் எழுத்தோட காலை வெட்டின குறி, மருந்து பேரெல்லாம் லத்தீன் சுருக்கம், அவுன்ஸுக்கும் டிராமுக்கும் 3 மாதிரி வளைஞ்ச குறி, எண்ணிக்கை ரோமன் எழுத்துல, கடைசி ‘ஐ’க்கு பதிலா ‘ஜே’ போட்டிருப்பாங்க, பின்னாடி யாரும் ஒரு கோடு சேர்த்து டோஸை ஏத்திடக் கூடாதுனு. பாட்டில் மேல பல்லு பல்லா வெட்டின காகிதப் பட்டை ஒட்டியிருக்கும், ஒரு பல் ஒரு வேளை. அவுன்ஸ் குறிக்கும் டிராம் குறிக்கும் வித்தியாசம் மேல ஒரே ஒரு சின்ன வளைவு தான், ஒரு அவுன்ஸுக்கு எட்டு டிராம். பிரெஞ்சு சீட்டே பாத்துப் பழகின உங்க பாண்டி ஃபார்மசிக்காரர் அதுலயும் தடுமாறலாம், ஆனா கதைல ஒரு குழப்பம் போதும், வசநாபியோட நிறுத்திக்கோங்க.