மறு: மறு: ‘வெல்ட்’டுக்குத் தமிழில் என்ன சொல்ல?

குழுவினருக்கு வணக்கம்.

பூட்ஸின் மேல்தோலையும் அடியையும் சேர்க்க ஓரத்தில் சுற்றி ஓடுகிற தோல் பட்டையை ஆங்கிலத்தில் ‘வெல்ட்’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன என்று சும்மா கேட்டுவைத்த கேள்வி இவ்வளவு தூரம் ஓடும் என்று நான் நினைக்கவில்லை. வந்த சொற்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்: விளிம்புப்பட்டை, இணைப்புத்தோல், ஓரவார், சுற்றுவார். ‘குட்இயர் வெல்ட்’ என்ற தையல் முறையை ஒருவர் ‘நல்லாண்டுத் தையல்’ ஆக்கிவிட்டார். குட்இயர் என்பது ஆள் பெயருங்க. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தினாரே சார்லஸ் குட்இயர், அவருடைய மகன் 1870-ஐ ஒட்டி இந்தத் தையலுக்கு இயந்திரம் கொண்டுவந்தார், அதனால் அந்தப் பெயர். டயர் கம்பெனி 1898-இல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது, குடும்பத்துக்கும் அதற்கும் ஒட்டில்லை உறவில்லை. கையால் இதே தையலைப் போடுவது அவருக்கும் பல நூறு வருஷம் முந்தியது.

நான் ஏன் கேட்டேன் என்பதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. என் வேலை பழைய வீடுகளைச் செப்பனிடுவதை மேற்பார்ப்பது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று தினமும் சுற்றல். பர்மாத் தேக்கு உத்தரத்தை இறக்கினால் தரையெல்லாம் பழைய ஆணி, மேலே ஏறினால் உடைந்த ஓடு. செருப்பு போட்டு நிற்க முடியாது. அதற்காக முந்தி ஒரு பூட்ஸ் வாங்கினேன். பார்க்க மொத்தமாக, ஓரமெல்லாம் வெள்ளை நூல் தையலோடு, அம்சமாக இருந்தது. கொஞ்ச நாள் போட்டுவிட்டு, வேலை இல்லாத மாதங்களில் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன். போன கார்த்திகையில் எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் நடந்தால், பின்னால் வந்த கொத்தனார், “சார், கேக் சிந்திக்கிட்டே போறீங்க” என்றார். திரும்பிப் பார்த்தால் முகப்பிலிருந்து கறுப்புத் துணுக்கு கோடு போட்ட மாதிரி. குதிங்கால் கையோடு உதிர்ந்து வந்தது. அது பாலியூரிதேன் என்கிற ஒருவகை பிளாஸ்டிக்கால் ஆன அடி. சும்மா வைத்திருந்தாலும் காற்றின் ஈரம் உள்ளே போய் மெல்ல மெல்லக் கட்டுவிட்டுப் போகும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். நம் ஊர்ச் சூட்டுக்கும் ஐப்பசி ஈரத்துக்கும் கேட்கவே வேண்டாம்.

அதைத் தூக்கிக்கொண்டு பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போனேன். மேலே தோல் நன்றாக இருக்கிறது, அடி மட்டும் மாற்றித் தாருங்கள் என்றேன். அவர் ஓரத்துத் தையலை நகத்தால் நெம்பினார், முழுப் பட்டையும் ரப்பர் பேண்டு மாதிரி கழன்று வந்தது. “இது அலங்காரம் தம்பி. தச்சதில்ல, ஒட்டுனது. எதுல நான் அடியைக் கோக்கிறது?” பிறகு யாரோ கொடுத்துவிட்டுப் போயிருந்த பழைய பூட்ஸ் ஒன்றைச் சாக்கிலிருந்து எடுத்தார். அதில் மேல்தோலும் உள்அட்டையும் ஒரு விரல் அகலத் தோல் வாரோடு சேர்த்துத் தைக்கப்பட்டு, அந்த வார் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கீழ் அடி அந்த வாரோடு தனியாகத் தைக்கப்பட்டிருந்தது. அடி தேய்ந்தால் கீழ்த்தையலை மட்டும் அறுத்துப் புது அடி தைத்துக்கொள்ளலாம், மேலே கை வைக்க வேண்டியதில்லை. உள்ளே உள்அட்டைக்கும் அடிக்கும் நடுவில் தக்கைத்தூள் அடைத்திருந்தது, போடப் போட அது நம் பாதத்துக்கு ஏற்றபடி குழிந்துகொடுக்கும். “கரை இருந்தா பொழைச்சுக்கும், கரை இல்லாட்டி தூக்கிப் போட வேண்டியதுதான்” என்றார்.

ஆக, அவர் அதற்கு வைத்திருக்கிற சொல் ‘கரை’. வேட்டிக் கரை, சேலைக் கரை. எனக்கு அது போதும் என்று தோன்றுகிறது. சுற்றுவார் வேண்டாம். கடையில் போய் “சுற்றுவார் இருக்கா” என்று கேட்டால், முதலாளி வெளியே சுற்றப் போயிருக்கிறார் என்று பதில் வரும்.

காரைக்குடியிலிருந்து

——

தம்பிக்கு,

மடல் சுவையாக இருந்தது. இருந்தாலும் வெறும் ‘கரை’யைக் கலைச்சொல்லாக வைத்தால் நாளைக்கு அகராதியில் ஆற்றங்கரைக்கும் வேட்டிக்கும் கோயில் கரைக்கும் பூட்ஸுக்கும் ஒரே பதிவில் இடம் தேட வேண்டும். பழையதில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தோமா? பெரும்பாணாற்றுப்படையில் ‘அடிபுதை அரணம்’ என்று வருகிறது. பாதத்தை மூடி மறைக்கும் காப்பு. போட்டுக்கொண்டு போகிறவர்களும் யார், வழிநடை வணிகர்கள்! நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? ‘அரண்’ என்பதிலிருந்து ‘அரண்பட்டை’ என்று ‘வெல்ட்’டுக்கு ஆக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. ‘வார்’ என்ற நல்ல சொல்லைக் கைவிடாதீர்கள். தோலை நீளமாக அறுத்தால் அது வார்தான், செருப்பு வார் என்று இன்றும் சொல்கிறோம்.

தேவகோட்டை

——

ஐயா, வணக்கம்.

அடிபுதை அரணம் அருமை, ஆனால் அது பூட்ஸ் முழுமைக்குமான பெயர். முழுப் பொருளின் பெயரை எடுத்து அதன் ஓரத்தில் ஓடும் பட்டைக்குச் சூட்டினால் குழம்பும். அதோடு ‘அரண்பட்டை’ என்றால் எனக்குக் காவல்துறைச் சீருடைதான் ஞாபகம் வருகிறது, மன்னிக்கணும். அதே நூலில் ‘தொடுதோல் மரீஇய வடுஆழ் நோன்அடி’ என்று ஆயனைப் பற்றி ஒரு அடி வருமே, செருப்பு உராய்ந்து உராய்ந்து தழும்பேறிய கால், அதைத்தான் நான் பூட்ஸ் வாங்குகிறவர்களுக்கு எழுதி ஒட்டுவேன். புதுத் தோல் கடிக்கத்தான் செய்யும். ‘பிரேக்-இன்’ என்பதற்கு நம்மிடம் சொல் தேடவே வேண்டாம், ‘கால் பழகுதல்’ என்று நம் வீட்டில் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் எது பழகும் கடி, எது பழகாத கடி என்று தெரிய வேண்டும். கணுக்காலிலும் குதிகாலிலும் விறைப்பாக இருப்பது சில வாரத்தில் இளகும். சுண்டுவிரல் நெரிந்தால் அது என்றைக்கும் இளகாது, அளவே தப்பு. வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த நம் கால் முன்பக்கம் அகலம். கடைக்காரர் உடனே ஒரு நம்பர் கூட்டிக் கொடுப்பார், நீளம் கூடிக் குதிகால் கழன்றுபோகும். அகலம் கூடிய அச்சில் செய்ததைத்தான் கேட்கணும். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, தினம் போடுகிற காலுறையோடு போய்ப் போட்டுப் பார்க்கணும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ஐயா சொன்ன வாரையும் பெரியவர் சொன்ன கரையையும் சேர்த்து ‘வார்க்கரை’ என்று வைத்தால்? வாரால் ஆன கரை. வார் முன்னால் வந்துவிட்டதால் ‘சுற்றுவார், தைப்பார்’ தொல்லையும் இல்லை. வார்க்கரைத் தையல், வார்க்கரைக் காலணி, கையால் தைத்ததற்குக் கைவார்க்கரை என்று எல்லாப் பக்கமும் வளைகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கமிருந்து வெளிநாட்டுக்கே காலணி போகிறது, அங்கே போய் நம் சொல்லை யாரும் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை, ஆனால் வாங்குகிறவன் எதைப் பார்க்கணும் என்று ஒரு சொல்லிலேயே தெரிந்தால் நல்லது.

பார்க்கும் விதம் இதுதான்: ஓரத்தில் மேலே தெரிகிற தையல் அடியிலும் தெரிகிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் ஒரு பள்ளம் ஓடி அதில் நூல் இருக்கும். நூல் வடிவத்தில் ரப்பரிலேயே அச்சு போட்டிருந்தால் ஏமாற்று வேலை. உயர்ந்த வகைகளில் சிலதில் அந்தப் பள்ளத்தைத் தோல் மடிப்பால் மூடியிருப்பார்கள், அதற்குக் கடைக்காரரைத்தான் கேட்கணும். தையல் பாதத்துக்குக் கீழே உள்அட்டையிலேயே தெரிந்தால் அது வேறு வகை, பிளேக் தையல். அதுவும் மோசமில்லை, இலேசாக வளையும், ஆனால் அடி மாற்ற அதற்கென்று இயந்திரம் வேண்டும், காரைக்குடியில் நான் பார்த்ததில்லை. பெரியவர் நெம்பி எடுத்த அந்தப் போலிக் கரைக்கு ‘பொய்க்கரை’ என்று வைத்திருக்கிறேன். பொய்க்கால் குதிரை மாதிரி.

‘ஃபுல் கிரெய்ன்’ என்பதை ‘முழுத்தானியத் தோல்’ என்று எழுதிய நண்பர், அது கோதுமை ரொட்டி இல்லை. மயிர்க்கால் தெரிகிற மேற்பரப்பைத் தேய்க்காமல் விட்ட தோல். ஆசாரி மரத்தை இழைப்பார் இல்லையா, அப்படி இழைக்காமல் விட்டது. ‘இழைக்காத தோல்’ போதும் என்பேன். அதற்கு வேறு மடலிழை தொடங்கிக்கொள்ளலாம், இங்கே போட்டால் இது முடியாது.

காரைக்குடியிலிருந்து

——

தம்பி,

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஆனால் கரை என்று வந்துவிட்டதால் எழுதுகிறேன். கண்டாங்கிச் சேலைக்குக் கரை நெய்யும்போதே சேர்ந்து வருவது. தனியாகக் கரை வாங்கிச் சாதாச் சேலையில் வைத்துத் தைத்தால் ஒட்டுக்கரை என்போம். உங்கள் பெரியவர் நகத்தால் நெம்பி எடுத்தாரே, அது பசை போட்டு ஒட்டியதுதானே? பொய்க்கரை என்று புதிதாக எதற்கு, ‘ஒட்டுக்கரை’ என்றே வையுங்கள். கடையில் நின்று வாய்விட்டுச் சொன்னாலும் பொய் என்று சொன்ன மாதிரி இராது, சண்டை வராது.

வார்க்கரை நன்றாக இருக்கிறது. அப்படியே கயிறு இல்லாமல் பக்கத்தில் எலாஸ்டிக் வைத்த பூட்ஸாகப் பார்த்து வாங்குங்கள். எங்கள் வீட்டு ஓடு பார்க்க வந்த ஒரு பிள்ளை முகப்பில் உட்கார்ந்து இரண்டு காலுக்கும் கயிறு அவிழ்த்து முடிக்கிறவரை நான் மோர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். போகும்போது மறுபடி அத்தனையும் கட்டணும் என்று அது வளவுக்குள்ளேயே வரவில்லை.

கோட்டையூர்